கழியைத் திருத்திய சொல்

ஆடி 9

சிறுகழிக்கரைப் பெருமக்களே, உப்புக்காற்றில் உரமேறிய தாய்மார்களே, உங்கள் உப்பங்கழியை உங்கள் கண்ணெதிரே கொல்கிறார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் குழாய்வழிக் கொணர்ந்து கொட்டுகிறார்கள். அலையாத்தி மரங்கள் மூச்சுவிடும் வேர்களின் மேல் அது படிகிறது. நண்டு வளைகளின் வாயை அடைக்கிறது. மீன்குஞ்சுகள் வளரவேண்டிய நீர், வடித்த கஞ்சிபோல் வெளுத்துக் கிடக்கிறது. கொல்பவன் கூச்சப்படவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நாம் ஏன் தலைகுனிந்து நிற்கிறோம்?

ஞாயிறன்று நான் ஆற்றவிருக்கும் உரையின் தொடக்கம் இது. கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கண்ணாடி அழுதுட்டு. இனி வந்து இந்தத் தேங்காய உடைச்சுத் தாங்க."

"இயக்கி, உரை தடைப்படுகிறது."

"இசக்கின்னு கூப்பிட்டாத்தான் எனக்குக் காது கேக்கும்."

இசக்கி என்பது இயக்கி என்னும் தூய சொல்லின் சிதைவு என்று மணநாளிலிருந்து விளக்கி வருகிறேன். அவள் சிதைவிலேயே நிலைத்திருக்கிறாள். தேங்காயை உடைத்தேன். அதுவும் ஒழுங்காக உடையவில்லை.

ஆடி 11

கூட்டம் சிறந்தது. இரண்டு இடங்களில் கைதட்டல் அடங்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

எனக்கு முன் சிம்கா எலியாஸ் பேசினார். கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணி. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறார். கழி நீரைக் குப்பிகளில் எடுத்துச் சோதிப்பதற்காகவே இக்கரையில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியிருக்கிறார். உறவினரெல்லாம் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர், இவர் போகவில்லை. "அங்க என்னோட சேச்சி இருக்கா. இங்க என்னோட கழி இருக்கு" என்கிறார். என்னை 'மாஷே' என்று அழைக்கிறார். மலையாளத்தில் ஆசிரியரை அப்படி விளிப்பார்களாம். நான் ஆசிரியனல்லன் என்றேன். "பேச்சு அப்படித்தானே இருக்கு" என்றார். புகழ்ச்சி என்றே கொண்டேன்.

அவர் உரையில் ஒரு சொல் என்னைப் பற்றிக்கொண்டது. திக்குன் ஓலாம். எபிரேயச் சொல். படைப்பின் தொடக்கத்தில் ஒளியைத் தாங்கமாட்டாமல் கலங்கள் உடைந்தனவாம். ஓடுகள் உலகெங்கும் சிதறினவாம். ஒவ்வோர் ஓட்டிலும் ஒரு துளி ஒளி ஒட்டியிருக்க, அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து உலகைச் சீராக்குவது மாந்தரின் கடமையாம். "எங்க ஆளுங்க இத ஏழைக்கு உதவுறதுல, நியாயம் கேக்கிறதுல எல்லாம் பாப்பாங்க. நான் தண்ணிக்காரி. எனக்கு இந்தக் கழிதான் உடைஞ்ச பானை" என்று முடித்தார். குரலில் நெருப்பு அணுவளவுமில்லை. மீன் விலை சொல்வதுபோல் சொன்னார். ஆயினும் பின்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி அப்போது நன்கு வேலைசெய்தது என்பதையும் கருதவேண்டும்.

கூட்டம் கலைந்தபின், தமிழில் இதற்கு என்ன சொல் என்று என்னிடம் கேட்டார்.

"உலகு திருத்தல்" என்றேன், நொடியும் தாழ்த்தாமல்.

"திருத்துறதுன்னா பரீட்சப் பேப்பர்ல செவப்பு மை போடுறதல்லே? அங்க தப்பு பேப்பர்ல, பேனா என் கையில. இங்க அப்படி இல்ல மாஷே. எபிரேயத்துல ஃபிரிட்ஜ் கெட்டுப்போனா ஒருத்தன் பை தூக்கிட்டு வந்து சரி பண்ணுவானே, அதுக்கும் இதே வார்த்ததான்."

"குளிர்ப்பெட்டிக்கும் உலகுக்கும் ஒரே சொல்லா?"

"அதாக்கும் எனக்குப் பிடிச்சது."

"அம்மையீர், சரிபார்த்தல், பழுதுபார்த்தல் என்பனவெல்லாம் பட்டறைச் சொற்கள். மேடையில் நிற்கமாட்டா. திருத்தல் ஓங்கி ஒலிக்கும்."

"சரி. தமிழ் உங்களோடது" என்று சொல்லிவிட்டுக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆம், என்னுடையதுதான்.

ஆடி 18

மூன்று ஊர்களில் பேசிவிட்டேன். 'உலகைத் திருத்துவோம், கழியைத் திருத்துவோம்.' முழக்கம் காட்டுத்தீயாய்ப் பரவுகிறது. மாதா கோயில் மதிலில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறார்கள், ஒற்றுப்பிழை இல்லை.

திரும்பும் வழியில் மிக்கேலம்மாள் நிறுத்தினார். இடுப்பளவு நீரில் நின்று சேற்றுநண்டு பிடித்து விற்பவர். கணவர் கடலோடு போய்விட்டார். அந்த நண்டில்தான் மூத்த மகள் செவிலியர் படிப்புப் படிக்கிறாள்.

"அண்ணாச்சி, நீங்க பேசுனா உள்ளுக்குள்ள கொதிக்குது. வீட்டுக்குப் போனா என்ன சொன்னியன்னு ஒண்ணும் நெனப்பு வரல. ஆனா கொதிச்சுக்கிட்டே இருக்கு."

இதைவிட ஒரு பேச்சாளனுக்கு வேறென்ன வேண்டும்?

ஆடி 22

எதிரி பணிந்தான்.

மின் நிலையத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் ஞானசிகாமணி வீடு தேடி வந்தார். இளைஞர், பணிவானவர். என் உரையைப் பத்தி பத்தியாக ஒப்பித்தார்.

"ஐயா, எங்க மேலாளர் உங்க பேச்ச முழுசாக் கேட்டாவ. கழிய நாங்களே திருத்திருதோம்னு சொல்லிட்டாவ. கிராம சபையில ஒரு தீர்மானம் மட்டும் வேணும். அதுல உங்க சொல்லையே வச்சுக்கிடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"சொல் எவருடைய உடைமையுமன்று. எடுத்தாளுங்கள்" என்றேன்.

பொன்னாடை போர்த்தினார். நான் மறுத்தேன், இருமுறை மறுத்தேன். அவர் போனபின் இசக்கி அதன் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"துணி நல்லாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல."

"ஏன்?"

"உங்க பேச்ச உங்களவிட நல்லாச் சொல்லுதான்."

பெண்களுக்கு வெற்றியை நம்பத் தெரியவில்லை.

ஆடி 30

விடுதலை நாள். ஊரவைக் கூட்டம். ஊராட்சித் தலைவர் தீர்மானத்தைப் படித்தார்: "சிறுகழிப் பகுதியில் திருத்தப் பணிகளை மேற்கொள்ள நிறுவனத்துக்கு இந்தச் சபை இசைவளிக்கிறது."

சிம்கா எழுந்தார். "திருத்தப் பணின்னா என்ன பண்ணுவாங்கன்னு அதுல எழுதணும். தூர் வாருவாங்களா, சாம்பல எடுப்பாங்களா, எதுவும் இல்லையே."

நான் எழுந்தேன். "காடு திருத்திக் கழனி கண்ட இனம் இது. அதற்குத் திருத்தம் என்றால் என்னவென்று எவரும் பாடம் நடத்தவேண்டா. ஐயப்படுவோர் அமரட்டும், உழைப்போர் எழட்டும்" என்றேன். அவை அதிர்ந்தது. சிம்கா அமர்ந்தார். மிக்கேலம்மாள் இரு கைகளையும் உயர்த்தினார். ஒரு கைகூட எதிராக எழவில்லை.

கழி வென்றது.

ஆவணி 6

சரக்குந்துகள் வந்துவிட்டன. தூர்வாரத்தான் இருக்கும்.

ஆவணி 9

செருப்பு அறுந்தது, தைக்கக் கொடுத்தேன். இசக்கிக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்தேன். உப்பு கூடிவிட்டதாம். "இதுக்கும் ஒரு கூட்டம் போட்டு முடிவெடுங்க" என்றாள். வெளியூர்க் கூட்டமொன்றுக்கு அழைப்பு வந்தது, போகவில்லை. கழிப்பக்கமும் போகவில்லை. வேலை நடக்கும் இடத்தில் பேச்சாளனுக்கு என்ன வேலை?

ஆவணி 12

காலையில் மிக்கேலம்மாள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணாச்சி, சாம்பல வாருவாவன்னு சொன்னியளே. ஒருத்தனும் வாரல. கொட்டுதாவ."

ஓடினேன். கழி கடலோடு கலக்கும் வாயை மறித்துச் சாம்பலால் ஒரு கரை எழுப்பியிருக்கிறார்கள். அதன்மேல் சரக்குந்துகள் ஓடுகின்றன. அலையாத்தி மரங்களை வெட்டிக் குவித்திருக்கிறார்கள். கடல்நீர் அக்கரையில் மோதித் திரும்புகிறது. உள்ளே தேங்கியதில் மீன் செத்து மிதக்கிறது. கழியை மூடிப் பண்டகசாலை கட்டப்போகிறார்களாம்.

ஞானசிகாமணி குடைக்கடியில் நின்றுகொண்டிருந்தார். அதே பணிவு.

"வாங்க ஐயா. வேல எப்படி?"

"இதுவா திருத்தம்?"

"வேற எது ஐயா? எங்கப்பா செம்மணல் தேரிக்காட்டத் திருத்தித்தான் முந்திரி வச்சாவ. புதர வெட்டணும், பள்ளத்த மேடாக்கணும், சும்மா கெடக்க எடத்தப் பயனுக்குக் கொண்டாரணும். நீங்களே அன்னைக்குச் சபையில சொன்னியளே, காடு திருத்திக் கழனி கண்ட இனம்னு. நான் புதுசா ஒண்ணும் சொல்லல."

சொற்கொள்ளையன். நாவில் தேனும் நகத்தில் நஞ்சும் வைத்திருப்பவன். தமிழின் பாலைக் குடித்துத் தமிழ் நிலத்தின் மார்பையே கடித்தவன். இவனை வரலாறு மன்னிக்காது.

இவ்வளவையும் வீட்டுக்கு வந்தபின்தான் எழுதுகிறேன்.

திரும்புகையில் மிக்கேலம்மாள் வழியை விடவில்லை. "நான் ரெண்டு கையும் தூக்குனேன் அண்ணாச்சி. எதுக்குத் தூக்குனேன்னு இப்பச் சொல்லுங்க."

ஆவணி 13

எழுத ஒன்றுமில்லை.

ஆவணி 15

அகரமுதலியை எடுத்தேன். திருத்துதல்: பிழை நீக்குதல், செவ்விதாக்குதல், நிலத்தைப் பண்படுத்துதல். எனக்குத் தெரியாத பொருள் எதுவுமில்லை. எல்லாம் தெரியும். அகரமுதலியைச் சுவரில் எறிந்தேன். அட்டை பிய்ந்துவிட்டது.

இசக்கி குனிந்து எடுத்தாள். "அது என்ன செஞ்சுது, பாவம்."

ஆவணி 20

சிம்காவின் வீட்டுக்குச் சென்றேன். முன்னறை முழுதும் குப்பிகள். ஒவ்வொன்றிலும் கழிநீர், நாள் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. கடைசி வரிசைக் குப்பிகளில் சாம்பல் பாதியளவு படிந்திருந்தது. நான் அமரவில்லை.

"பொருள் பிறழும் என்று அறிந்திருந்தீர்கள். ஏன் அழுத்திச் சொல்லவில்லை?"

அவர் முகம் சிவந்ததை முதன்முறை கண்டேன். "சொன்னேன். நீங்க ஊர் முன்னாடி என்னை உக்கார வெச்சீங்க. கைதட்டுனாங்க. அந்தக் கைதட்டல் உங்களுக்குக் கேட்டுது, நான் சொன்னது கேக்கல. இப்போ பழியத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல வைக்கிறீங்களா?"

"நான் தவறிழைத்ததாக எங்கே சொன்னேன்?"

"சொல்லல. அதான் பிரச்சன." குப்பியை மூடிவிட்டு, குரல் தணிந்து பேசினார். "அடுத்த மாசம் எங்களுக்கு ஒரு நாள் வருது மாஷே. அன்னைக்குப் பச்சத் தண்ணிகூட இல்ல. கடவுள்கிட்ட மன்னிப்புக் கேக்கிற நாள். ஆனா ஒரு மனுஷனுக்குப் பண்ணின தப்ப அந்த நாள் கழுவித் தராது. முதல்ல அந்த ஆள் வீட்டுக்குப் போகணும். முகத்தப் பாத்துக் கேக்கணும். அதுக்கு முன்னாடி கடவுள் கதவத் தொறக்கிறதில்ல."

"நான் யூதனல்லன்."

"மிக்கேலம்மாளும் இல்ல. வீடு தெரியுமல்லே? மாதா கோயில் பின்னாடி."

கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

ஆவணி 27

மாதா கோயில் வரை சென்றேன். பின்புறம் செல்லவில்லை. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

புரட்டாசி 3

இன்று சென்றேன்.

வழிநெடுக உரையை அடுக்கிக்கொண்டே போனேன். 'அன்னையே, சொல்லால் உன் வயிற்றில் அடித்தவன் வந்திருக்கிறேன்' என்பது தொடக்கம். மிக்கேலம்மாள் வாசலில் பழுதான நீரேற்றியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூத்த மகள் வீட்டில் இல்லை. படிப்பை நிறுத்திவிட்டு இறால் உரிக்கும் வேலைக்குப் போய்விட்டாள். நண்டு இல்லாத கழியில் கல்லூரிக்கு எதைப் பிடித்துக் கட்டுவது?

"அன்னையே" என்றேன்.

"பேசாதிய. நீங்க பேசுனா எனக்குக் கொதிக்கும். கொதிச்சா மறுபடி எதுக்காவது கையத் தூக்கிருவேன்."

நின்றேன். பேசாமல் நிற்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த வயதில்தான் அறிகிறேன்.

"தவறு என்னுடையது" என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய உரை.

"சரி. ஒண்ணு கேக்கேன். கழி இப்ப எப்படிக் கெடக்கு? கதையளக்காம ஒத்த வார்த்தையில சொல்லுங்க."

சீர்குலைந்து, நிலைகெட்டு, பாழ்பட்டு என்று மூன்று சொற்கள் நாவில் வரிசையில் நின்றன. அவர் காத்திருக்கவில்லை.

"ரிப்பேரு. இந்த மோட்டாரு மாதிரி. இனி என்ன செய்யணும்? ரிப்பேர் பண்ணணும். இத அந்தப் பய எப்படித் திருப்புவான்? திருப்பச் சொல்லுங்க, பாப்போம். மேல மண்ணக் கொட்டி மூடிட்டு மோட்டார ரிப்பேர் பண்ணிட்டேன்னு எவன் சொன்னாலும் எங்க தெருவுல செருப்பாலடிப்போம்."

நாற்பது ஆண்டு மேடையில் நான் உச்சரிக்காத சொல் அது. எம்மக்கள் வாயில் உடைந்ததற்கும் அதுவே பெயர்; உடைந்ததைச் சரிசெய்வதற்கும் அதுவே பெயர். அயற்சொல். மனம் ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை. ஆயினும் என் தூய சொல் கழியின் வாயை மறித்துக் கிடக்கிறது.

"அக்டோபர் ரெண்டு சபையில இத இப்படியே சொல்லுவியளா?" என்று கேட்டார்.

"சொல்வேன்."

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிராதிய. மொதல்ல சொல்லுங்க."

புரட்டாசி 11

ஞானசிகாமணி வந்தார், பழக்கூடையோடு. நான் வாய் திறக்குமுன் இசக்கி நடையை மறித்து நின்றாள். "அவுக இல்ல" என்றாள். நான் அவளுக்குப் பின்னால்தான் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். இசக்கி மறுபடியும், "இல்லன்னு சொல்லுதேன்லா" என்றாள். கூடை போய்விட்டது. பொன்னாடையைப் பின்னாலேயே எறிந்தாள்.

புரட்டாசி 16

ஊரவைக் கூட்டம். இன்று அக்டோபர் இரண்டு; சிம்கா சொன்ன நோன்பு நாளும் இன்றே. வண்டியேறவும் கூடாதாம். நண்பகல் வெயிலில் நடந்தே வந்தார். உதடுகள் வெடித்திருந்தன. இசக்கி சொம்பை நீட்டினாள். அவர் புன்னகைத்துத் தலையசைத்தார். "இன்னைக்கு நான் கோயில்ல இருக்கணும். இங்க எங்க கோயில் கெடையாது. அதனால இங்க வந்தேன்" என்றார்.

நான் எழுந்தேன். முன்னுரை வைத்துக்கொள்ளவில்லை.

"போன கூட்டத்தில் உங்கள் கைகளை உயர்த்த வைத்தவன் நான். திருத்தம் என்றேன். அதற்கு இரண்டு பொருள் உண்டென்று தெரிந்தும் ஒலிக்கு மயங்கிச் சொன்னேன். எச்சரித்தவரை அவையில் இழிவுபடுத்தினேன். கழி ரிப்பேர். அதை ரிப்பேர் பண்ணவேண்டும். சாம்பலை அள்ளவேண்டும், கரையை வெட்டவேண்டும், கடலை உள்ளே விடவேண்டும். பழைய தீர்மானத்தை நீக்க முன்மொழிகிறேன்."

அவையில் சிரிப்பு எழுந்தது. "அண்ணாச்சி இங்கிலீசு பேசிட்டாவ" என்றது ஒரு குரல். பின்னர் சிரிப்பு அடங்கியது. அடங்கிய விதம் எனக்குப் புதியதாக இருந்தது.

அப்போதுதான் ஞானசிகாமணி கைப்பேசியை ஒலிவாங்கியின் அருகே வைத்தார். காடு திருத்திக் கழனி கண்ட இனம் இது. என் குரல். ஐயப்படுவோர் அமரட்டும். கைதட்டலும் பதிவாகியிருந்தது. எவ்வளவு அழகான குரல். நானே ஒரு நொடி மயங்கினேன். அந்த ஒரு நொடிக்காக இன்னும் என்மேல் எனக்குச் சினம் தணியவில்லை.

"ஊரார் கேளுங்க, இதுவும் ஐயா சொன்னதுதான்" என்றார் அவர்.

என் குரல் வந்த ஒலிபெருக்கியைச் சுட்டிக் காட்டினேன். "அந்த ஆள நம்பாதிய" என்றேன், ஊர் மொழியிலேயே. "நல்லாப் பேசுதான். அவனால நமக்கு ஒரு பிரயோசனமும் கெடையாது."

கைகள் எழுந்தன. மிக்கேலம்மாள் இம்முறை ஒரு கையைத்தான் உயர்த்தினார். சுற்றிலும் பார்த்துவிட்டு, நிதானமாக. ஏறத்தாழ எல்லாக் கைகளும் எழுந்தன. தலைவர் எழுந்து, "பொருள்நிரல்ல இல்லாதத எடுக்க முடியாது. நிறைவேறினது நிறைவேறினதுதான். கூட்டம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விட்டார். உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. அவற்றை எங்கே இறக்குவதென்று எவருக்கும் தெரியவில்லை. ஒவ்வொருவராய் வீட்டுக்குப் போனார்கள்.

வானில் மூன்று விண்மீன்கள் தெரிந்த பின்னரே சிம்கா எங்கள் வீட்டில் நீர் அருந்தினார். "நாளைக்கு ஏற்றம் எப்போ?" என்று உடன் வந்திருந்த மிக்கேலம்மாளிடம் கேட்டார். கடல்நீர் உயரும் பொழுதைக் கேட்கிறார்.

"காலையில. எதுக்கு?"

"கை தூக்குறதுக்கு அவங்க அனுமதி வேணும். மண்வெட்டி தூக்குறதுக்கு யார் அனுமதி வேணும்?"

புரட்டாசி 17, விடியல்

சிம்காவும் மிக்கேலம்மாளும் இசக்கியும் முன்னமே கழிமுகத்துக்குப் போய்விட்டார்கள். இசக்கி எங்கள் வீட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். எனக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். பிடி ஆடுகிறது. வழக்குப் போடுவார்கள். போடட்டும், முதற்பெயராக என் பெயரை எழுதட்டும்.

தெருத்தெருவாக நான் சொல்லப்போவது இதுதான். இன்று அடுக்குமொழி இல்லை.

சிறுகழிக்கரையாரே, கழியின் வாயில் கிடப்பது மலையன்று, சாம்பல். அள்ளினால் வரும். நேற்று உயர்த்திய கையை இன்று இறக்குங்கள், மண்வெட்டிப் பிடிமேல் இறக்குங்கள். கூடை இருப்போர் கூடை கொணருங்கள். ஒன்றும் இல்லாதோர் வெறுங்கையோடு வாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் ஏற்றம் வரும். கரையின் மறுபக்கத்தில் கடல் வந்து நிற்கும். அதற்குள் ஓர் ஆள் புகும் அகலமாவது வெட்டிவிட்டால், மீதியைக் கடல் வெட்டிக்கொள்ளும். சரக்குந்துகள் வருமுன் வாருங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வாருங்கள். என் பேச்சைக் கேட்க நிற்காதீர்கள். நடங்கள்.